ஜாஸா, பாப்பா?

கேள்வி: நம் சிதார் மேதை ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் பாடிய முதல் ஆல்பம் ‘கம் அவே வித் மீ’யை மகன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். கேட்கச் சுகமாக இருந்தது. ஆனால் இதை ஜாஸ் என்பதே தப்பு என்று அவனே சண்டைக்கும் வருகிறான். நீங்கள் சொல்லுங்கள், ஜாஸா, பாப்பா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பாப்பாவுக்கு அப்போது 22 வயது. ஜாஸுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வியின் முதல் சொல்லைப் பார்ப்போம்: ‘நம்’.

ரவிசங்கர் காசியில் பிறந்த வங்காளி. பிற்பாடு அவர் மணந்துகொண்ட சுகன்யா தமிழ்ப்பெண். அவர்கள் மகள் அனுஷ்கா. ஆகவே சொந்தம் கொண்டாடியே தீருவேன் என்றால் உங்களுக்கு அனுஷ்கா கிடைப்பார். நோராவின் அம்மா சூ ஜோன்ஸ் அமெரிக்கர். டெக்சஸில் கிரேப்வைன் என்ற ஊரில் பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். பிறந்தபோது வைத்த பெயர் கீதாலி நோரா ஜோன்ஸ் ஷங்கர். 16 வயதில் அந்தப் பெண் தலையையும் வாலையும் கத்தரித்துவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டது. கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து நாம் ‘நம்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் இது ஒரு வசதி. ‘எங்கள்’ என்றால் எதிரே நிற்பவர் சேர்த்தியில்லை. ‘நம்’ என்றால் அவரையும் கேட்காமலே இழுத்துப் போட்டாயிற்று. 2020இல் கமலா ஹாரிஸுக்காக அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை, தெருவில் பேனர் என்று அமர்க்களப்படுத்தினோமே, அதுவும் இந்த ‘நம்’தான். அதே சமயம் சொந்த அக்கா பையன் மூன்று பாடத்தில் பெயிலானால் அவன் ‘அவங்க வீட்டுப் பையன்’.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே எனக்குப் பிடித்த சம்பந்தம் ரத்தத்தில் இல்லை, ஒரு கட்டடத்தில் இருக்கிறது. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். 1971 ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தியது அங்கேதான். சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் பலமாகக் கைதட்டியது. இதையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்றார் ரவிசங்கர். (நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு ஓடுகிறவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை வேண்டாம்.) அந்தக் கச்சேரியின் பதிவு 1973இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியை வாங்கியது. சரியாக முப்பது வருஷம் கழித்து, 2003 பிப்ரவரியில், அதே கட்டடத்தில் நடந்த விழாவில் மகள் ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கினார். அவற்றில் அப்பா வாங்கிய அதே விருதும் உண்டு.

சரி, ஜாஸ். 2002 பிப்ரவரியில் ஆல்பத்தை வெளியிட்டது புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டுக் கம்பெனி. 1939இல் தொடங்கிய கம்பெனி, தெலோனியஸ் மங்க், ஆர்ட் பிளேக்கி போன்ற ஜாஸ் ஜாம்பவான்களைப் பதிவு செய்த கம்பெனி. அதன் முத்திரை விழுந்துவிட்டால் உள்ளே எது இருந்தாலும் ஜாஸ் என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். நோரா கல்லூரியில் ஜாஸ் பியானோ படித்தவர், சிறுவயதில் அம்மாவிடம் இருந்த ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். எல்லாம் உண்மை. ஆனால் ஜாஸுக்கு உயிரான மனோதர்மம், அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்துப் பார்க்கும் துணிச்சல், இந்த ஆல்பத்தில் ஊறுகாய் அளவுதான். மீதியெல்லாம் டெக்சஸ் மண்வாசனையோடு கூடிய பாப். உங்கள் மகன் சொல்வது சரி. சண்டை போடுவதுதான் அநாவசியம். நம்மிடம் மெல்லிசை என்று அழகான சொல் இருக்கிறது. விஸ்வநாதன் - ராமமூர்த்திக்கு மெல்லிசை மன்னர்கள் என்று பட்டம் கொடுத்த பிறகு, இது கர்நாடகமா இல்லையா என்று யார் கேட்டார்கள்?

இதைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று அமெரிக்காவில் சிலர் அவர் பெயரையே குறட்டையோடு சேர்த்துக் கிண்டல் செய்தார்கள். நீலாம்பரி ராகத்தில் தாலாட்டுக் கேட்டுத் தூங்கிய பரம்பரைக்கு இது வசவாகவே படாது. இரண்டு கோடிக்கு மேல் பிரதிகள் விற்றிருக்கிறது. அத்தனை பேரும் தூக்கம் வராதவர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த ஆல்பத்தில் சிதார் கிடையாது என்று இதே பக்கத்தில் முன்பு எழுதினேன். உடனே ஒரு மயிலாப்பூர் வாசகர் அஞ்சலட்டை போட்டார்: மூன்றாவது பாட்டைக் கவனியுங்கள், அப்பாவின் யமன் ராகம் அப்படியே இறங்கியிருக்கிறது. மூன்றாவது பாட்டு ‘கோல்ட் கோல்ட் ஹார்ட்’, அலபாமாக்காரர் ஹாங்க் வில்லியம்ஸ் 1951இலேயே பாடி வெளியிட்டது என்று பதில் போட்டேன்.

அடுத்த வாரமே அவரிடமிருந்து இன்னொரு கார்டு. அப்படியானால் ஹாங்க் வில்லியம்ஸும் நம்மவர்தானாம்.