டிசம்பரில் டார்வின் வேண்டாம், தம்பி

தம்பி, மெல்போர்னுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, வரும் டிசம்பர் லீவில் 21 அடி கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி, சுருக்கமாக வேன்) ஒன்றை வாங்கி, மனைவி, ஆறு வயது மகள், ஊரிலிருந்து வரும் அம்மா எல்லோருமாக மூன்று வாரத்தில் ஆஸ்திரேலியாவின் வடகோடி நகரமான டார்வின் வரை போய்த் திரும்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அடிலெய்டில் 19 வருடமாக இருக்கிறேன். அந்த ரோட்டில் கேரவனை இழுத்துக்கொண்டு நான்கு தடவை போய் வந்திருக்கிறேன். தாராளமாகப் போங்கள். ஆனால் டிசம்பரில் வேண்டாம், டார்வின் வரையும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மெல்போர்னிலிருந்து அடிலெய்டு 725 கிலோமீட்டர். அங்கிருந்து டார்வின் இன்னும் 3,000. போக வர 7,500 கிலோமீட்டர். 21 நாளால் வகுத்தால் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் தினம் 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மகள் ஜன்னல் வழியாகத்தான் நாட்டைப் பார்ப்பாள். அதோடு டிசம்பரில் வழியில் வரும் கூபர் பீடியிலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 36 டிகிரி ஆகிவிட்டால் உலுரு என்ற பெரிய பாறைக்குப் பக்கத்துக் குன்றுகளான கட்டா ஜூட்டாவில் காற்றுப் பள்ளத்தாக்கு நடைபாதையைப் பாதி வழியோடு மூடிவிடுவார்கள். வடக்கே அப்போது மழைக்காலம். டார்வினை அடுத்த ககடு தேசியப் பூங்கா பக்கம் பல பாதைகள் வெள்ளத்தில் அடைபட்டிருக்கும்.

ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ தொடங்கும் பள்ளி விடுமுறை இரண்டு வாரம். கூட ஒரு வாரம் லீவு போடுங்கள். போர்ட் ஆகஸ்டா, கூபர் பீடி, உலுரு, முடிந்தால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், அதோடு திரும்பிவிடுங்கள். அதுவே 5,000 கிலோமீட்டர் ஆகும். இரவில் குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும், சில நாள் பூஜ்யத்தையும் தொடும். அம்மாவுக்குக் கம்பளியும் காலுறையும் தாராளமாக எடுத்து வையுங்கள். பகல் அவ்வளவு இதமாக இருக்கும்.

அடுத்தது எடை. இதைத்தான் நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. உங்கள் கார் 3 டன் இழுக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். காரும் வேனும் ஆட்களும் சாமானும் எல்லாம் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று இன்னொரு எண் உண்டு, அதுதான் ஜிசிஎம். கேரவனில் ஒட்டியிருக்கும் தகட்டில் வெறும் வேனின் எடை 2,300 கிலோ, ஏடிஎம் (சாமானோடு வேன் இருக்கலாம் என்ற அதிகபட்ச எடை) 2,700 என்று இருந்தால், நீங்கள் ஏற்றலாம் என்பது 400 கிலோதான். 90 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை நிரப்பினாலே அதில் 180 போய்விடும். கேஸ் சிலிண்டர், மேலே மாட்டிய கூரைத்துணி, பாத்திரம், அரிசி என்று சேர்த்தால் மிச்சம் எதுவும் இராது. வாங்குவதற்கு முன் அந்தத் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு தடவை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். முதல் பயணத்தில் நான் இரண்டு அரிசி மூட்டை, தண்ணீர் கேன், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வேனின் பின்பக்கப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். பிம்பா என்ற சின்ன ஊரைத் தாண்டி 105-ல் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் நீளமான லாரி, வந்து கடந்தது. அது தள்ளிய காற்றில் கேரவனின் பின்புறம் மெல்ல இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம், ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட அகலமாக. கண்ணாடியில் வேனின் பக்கச்சுவர் முழுசாகத் தெரிந்து மறைந்தது. என் மனைவி டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பேசாமல் இருந்தாள். கார் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வேனின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்து என்று ஒரு நண்பர் அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். காரிலிருந்தே வேனின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் அந்தச் சின்ன லிவரை விரல் தேடிப் பிடித்தது. வேன் பின்னாலிருந்து காரை இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு விறைப்பு, பிறகு நேராகிவிட்டது. ஓரமாக நிறுத்தி, அந்தச் செம்மண்ணிலேயே எல்லாவற்றையும் இறக்கி, கனமானதைச் சக்கர அச்சுக்கு மேலே மாற்றினோம். அதன் பிறகு இன்றுவரை 95-ஐத் தாண்டியதில்லை. அந்த லிவர் எங்கே இருக்கிறது என்று உங்கள் கையும் மனைவியின் கையும் பார்க்காமலே தொடப் பழக வேண்டும்.

ரோடு டிரெயின் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அதை முந்த நினைக்காதீர்கள். பின்னால் ஒன்று வந்தால் யுஎச்எஃப் ரேடியோவில் 40-ஆம் சேனலில் பேசுங்கள். "வேகத்தைக் குறைக்கிறேன், முந்திப் போங்கள்" என்று சொன்னால் போதும், ஓட்டுநர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். வேனுக்குப் பின்னால் சேனல் எண்ணை ஒட்டி வையுங்கள்.

அம்மா களைத்தால் கேரவனில் படுத்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே கூடாது. ஓடும் கேரவனில் ஆள் இருப்பது இங்கே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி டீ போடுங்கள். வேனின் படி உயரம், சேலையோடு ஏறுவது சிரமம். கீழே போட ஒரு அகலமான மரப்படி வாங்கிவிடுங்கள். மருந்து முழுப் பயணத்துக்கும் ஒரு வாரத்துக்கு மேல் உபரியாக இருக்கட்டும். இன்சூரன்ஸ் தாள்கள் கையோடு இருக்கட்டும்.

டீசல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வேன் இழுக்கும்போது உங்கள் கார் குடிப்பது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், எதிர்க்காற்று இருந்தால் இன்னும் கூடும். கிளெண்டாம்போ தாண்டினால் கூபர் பீடி வரை 250 கிலோமீட்டருக்கு எதுவுமே கிடையாது. டேங்க் பாதி ஆனால் நிரப்புங்கள், விலை பார்க்காதீர்கள். டீசலும் சாப்பாடும் கிடைக்கும் வழியோர ரோட்ஹவுஸ்களில் எது திறந்திருக்கிறது என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

காலை எட்டுக்குக் கிளம்பி மாலை நாலுக்குள் நின்றுவிட வேண்டும். பொழுது சாயும்போதும் விடியும்போதும் கங்காரு ரோட்டுக்கு வரும். பகலில் கவனிக்க வேண்டியது கழுகு. ரோட்டில் செத்துக் கிடக்கும் கங்காருவைத் தின்றுகொண்டிருக்கும் ஆப்புவால் கழுகு உடனே எழும்பாது. இரண்டு மீட்டர் சிறகை விரித்து, தாழ்வாக, கண்ணாடி மட்டத்துக்குத்தான் மேலேறும். தூரத்தில் கருப்பாக ஒன்று தெரிந்தாலே ஹாரன் அடித்து வேகத்தைக் குறையுங்கள்.

வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். உதவி தேடி நடந்துபோய்த்தான் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று தண்ணீர் வையுங்கள், குடிக்கும் தண்ணீரைத் தனிக் கேனில். செல்போன் பெரும்பாலான தூரத்துக்கு வேலை செய்யாது. பிஎல்பி என்ற, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசரக் கருவி ஒன்றை வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள், பதிவுக்குக் கட்டணம் இல்லை.

சாப்பாட்டில் சைவம் என்றால் ரோட்ஹவுஸ்களில் சிப்ஸும் சாண்ட்விச்சும்தான். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் மூன்றும் இருந்தால் போதும். இட்லி மாவு கொண்டுபோகாதீர்கள், குலுங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழியும். விக்டோரியா எல்லை தாண்டும்போது பழம், தக்காளி, மிளகாய் கையில் இருக்கக்கூடாது, பழ ஈ பரவும் என்று தடை. அடிலெய்டில் வாங்கிக்கொள்ளலாம்.

உலுருவில் பூங்காவுக்குள் தங்க முடியாது, பக்கத்து ஊரான யுலாராவில்தான் கேரவன் பார்க். ஜூலையில் கூட்டம் அதிகம், இப்போதே பதிவு செய்யுங்கள். பாறை மேல் ஏறுவது 2019 அக்டோபரிலிருந்து மூடப்பட்டுவிட்டது. அது அனங்கு என்ற பழங்குடி மக்களின் புனித இடம், 1985-ல் அவர்களிடமே திருப்பிக் கொடுத்த நிலம். சில பக்கங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள். மகளுக்கும் அதை முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். அடிவாரத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுதும் நடக்க வேண்டியதில்லை. முட்டிஜுலு நீர்க்குட்டை வரை போகும் சின்னப் பாதையில் அம்மா மெதுவாக நடக்கலாம். என் மாமியார் அங்கே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து வர மனமில்லை.

வேன் வாங்கிய மறுவாரமே நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். மெல்போர்னுக்கு அருகே பல்லாரட் பக்கம் இரண்டு இரவு போய்த் தங்கி, ரிவர்ஸ் எடுப்பது, கேஸ் மூடுவது, கழிவுத்தொட்டி காலி செய்வது எல்லாம் பழகுங்கள். அம்மாவின் டிக்கெட்டை ஜூனுக்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். போகும் வழியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு இரவு வேனை நிறுத்தலாம், இடம் இருக்கிறது. மறுநாள் காலையில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, எது எங்கே இருக்க வேண்டும் என்று சேர்ந்தே அடுக்கிவிடலாம்.