யாட் வைத்திருக்கக் கோடீஸ்வரராக இருக்க வேண்டுமா?

'பாய்மர யாட் (உல்லாசப் படகு) எல்லாம் பெரும் பணக்காரர்கள் சமாச்சாரம்தானே, சம்பளக்காரர்கள் எப்படி வாங்குகிறார்கள், வாடகைக்கு எடுக்கிறார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் சம்பளக்காரன்தான். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் வேலை. இரண்டு நண்பர்களோடு கூட்டாக ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். 28 அடி நீளம், என்னைவிட வயதில் மூத்தது. அதற்குக் கொடுத்த விலைக்கு உருப்படியான ஒரு பழைய கார் கிடைத்திருக்காது.

படகு இப்படி மலிவானதெல்லாம் ஃபைபர் (கண்ணாடி இழை) வந்ததால் நடந்தது. மரப்படகு என்றால் பலகை பலகையாக இழைத்து, வளைத்து, பொருத்தி, இடுக்குகளில் பஞ்சு அடைக்க வேண்டும். பத்தாவது படகுக்கும் முதல் படகுக்கு ஆன அதே கூலி ஆகும். ஃபைபரில் மெனக்கெடுவது அச்சு செய்யும்போது மட்டும். அப்புறம் அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை விரித்து, பிசினைப் பூசி, இறுகியதும் கழற்றி எடுக்க வேண்டியதுதான். ஏறக்குறைய இட்லித் தட்டு கணக்கு. நம் கடற்கரைகளில் கட்டுமரம் போய் ஃபைபர் போட் வந்ததும் இதே வித்தைதான்.

இதைக் குடும்பங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் என் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் சின்ன ஃபைபர் படகுகள் செய்துகொண்டிருந்தவர்கள். 1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு 'ட்ரைட்டன்' என்ற படகைக் கொண்டுபோனார்கள். வடிவமைத்தவர் கார்ல் ஆல்பர்க். நான்கு பேர் படுக்கலாம், சமைக்கலாம். விலை 10,000 டாலருக்குள். ஆர்டர்கள் குவிந்தன. இடம் போதாமல் ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் ஊரிலிருந்த பழைய ஹெரஷாஃப் படகு கட்டும் தளத்தை வாங்கினார்கள். 1934இல் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டின் 'ரெயின்போ' பந்தய யாட்டைக் கட்டிய அதே இடம்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். ட்ரைட்டன் மட்டும் சுமார் 700 விற்றது.

ஆனால் என்னைக் கேட்டால், புதுப் படகின் விலை இறங்கியது பாதிக் கதைதான். ஃபைபர் உளுக்காது, மக்காது. ஆரம்பத்தில் அந்தப் பொருளை யாரும் முழுதாக நம்பாததால் தேவைக்கு மேலேயே தடிமனாகச் செய்தார்கள். அறுபதுகளில் செய்தவை இன்னும் மிதக்கின்றன, இன்னும் கைமாறுகின்றன. ஒவ்வொரு புதுப் படகும் தனக்கு முந்தைய பழசுகளோடு சந்தையில் மோத வேண்டியிருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் பிழைப்பது அதனால்தான்.

சரி, வாடகை விஷயம். 1969இல் சார்லி கேரியும் ஜின்னி கேரியும் கரீபியன் பகுதியின் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், டோர்ட்டோலாவில் 'தி மூரிங்ஸ்' நிறுவனத்தை ஆறு படகுகளோடு தொடங்கினார்கள். ஆறுமே அதே பியர்சன் நிறுவனத்தின் 'பியர்சன் 35' ரகம்! கேப்டன் இல்லாமல் படகை மட்டும் தருவார்கள், ஓட்டுவது நாம். இதற்கென்றே செய்த மாதிரியான கடல் அது: ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும், காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசும், ஓத ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான். படகை வாங்கும் முதலீடும் முழுக்க நிறுவனத்துடையது அல்ல. யாரோ ஒருவர் படகை வாங்கிச் சில வருடங்களுக்கு நிறுவனத்திடம் விடுவார். அவருக்கு வருமானமும் வருடத்தில் சில வாரங்கள் இலவசப் பயணமும் கிடைக்கும். நாங்கள் மூன்று குடும்பமாகப் போய் ஒரு வாரம் எடுத்தோம். வாடகையைப் பங்கு போட்டபோது சுமாரான ஹோட்டல் செலவுதான் வந்தது. தயக்கமாக இருந்தால் முதல் ஒன்றிரண்டு நாளுக்குக் கூலிக்கு ஒரு கேப்டனை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வைத்துக்கொண்டோம், வெட்கப்படவில்லை.

சொந்தமாக வாங்குவது வேறு கதை. படகு மலிவு, வைத்துக்கொள்வது மலிவில்லை. நிறுத்துமிட வாடகை, காப்பீடு, குளிர்காலத்தில் கரையேற்றி மூடி வைக்கும் செலவு எல்லாம் சேர்த்து, படகுக்குக் கொடுத்த பணத்தை இரண்டே வருடத்தில் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, எங்களுக்கு விற்றவர் மேல்தளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அதில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் இருக்கும். திருகாணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி அது ஊறிப்போயிருந்தது. ஒரு கோடைக்காலம் முழுக்க அறுத்து, சுரண்டி, ஒட்டினோம்.

பழைய படகு பார்க்கப் போனால் பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்றை எடுத்துப்போய் மேல்தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்டால் விலை பேசலாம். 'பொத்' என்று கேட்டால் விலையைப் பாதியாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.