கடலோரத்துப் பிள்ளைக்கு வெளியுறவுப் படிப்பு

கேள்வி: இராமநாதபுரத்தில் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு முடிக்கப்போகிறேன், ஊர் பாம்பன். எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட என் சித்தப்பாவின் விசைப்படகு இரண்டு ஆண்டுகளாக அக்கரையில், இலங்கையில் நிற்கிறது. அதனாலேயே சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படிக்க ஆசை. வேலை கிடைக்காது என்கிறார் அப்பா. படிக்கலாமா?

பதில்: படிக்கலாம். ஆனால் வெளியுறவுப் பணியில் சேர இந்தப் பட்டம் கட்டாயமன்று. ஏதேனும் ஒரு பட்டத்துடன் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். அதில் 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' ஒரு விருப்பப்பாடம் என்பதால் எம்.ஏ. படிப்பு கைகொடுக்கும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராவது மற்றொரு வழி. பட்டம் வாங்கிய மறுமாதமே சம்பளம் வரும் படிப்பு இதுவல்ல என்ற அளவில் உங்கள் அப்பா சொல்வது சரியே.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. இரண்டுக்கும் க்யூட் முதுநிலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். டெல்லியிலேயே சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இலங்கை மாணவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து வாதிடும் வாய்ப்பு உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்தப் பயம் போக, கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிய 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் மூலத்தை இப்போதே எடுத்துப் படியுங்கள், சிறிய ஆவணம்தான். இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. வந்துபோகலாம் என்ற அந்தப் பிரிவில் மீன்பிடிப்பு என்ற சொல் இல்லை. 1976இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களோ, வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் படகேறிப் போகும் உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான ஒரு காரியம், தாளில் எந்தச் சொற்களுக்குள் அடைபட்டிருக்கிறது என்பதைக் கவனிப்பதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடம். கோட்பாட்டுப் புத்தகங்கள் பிறகு வரட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சித்தப்பாவின் படகுக்காக வாதாடவே படிக்கப் போனால் இரண்டாம் பருவத்திலேயே சலித்துவிடும். இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, 2009க்குப் பின் மீண்டும் வலை எடுத்த யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழர்தாம். நம் விசைப்படகுகள் கடலடியோடு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி தங்கள் வலைகளை அறுப்பதாகவும் கடலடியைச் சுரண்டுவதாகவும் அவர்கள் குறைகூறுகிறார்கள். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் கொண்டுவந்து தடைசெய்ததை அவர்கள் பக்கம் நின்றும் எழுதிப் பார்க்கத் துணிய வேண்டும். வீட்டில் இதைச் சொன்னால் இரவுச் சாப்பாடு கொஞ்சம் மௌனமாகவே நடக்கும், பரவாயில்லை.

முடிந்தால் சிங்களம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அக்கரை விவகாரத்தை ஆய்வு செய்யப் புறப்படும் நம் மாணவர்கள் பலரும் தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டுமே நம்புகிறார்கள். சித்தப்பாவிடம் படகு வழக்குத் தாள்கள் இருந்தால் வாங்கிப் பாருங்கள். அவை எந்த மொழியில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.