அம்மாவின் இன்சுலின் பாக்டீரியாவில்; அப்பாவின் ஊசி மருந்து ஏன் அப்படி இல்லை?

கேள்வி: என் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி. இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிக்கிறார்களாம், அப்பாவின் மருந்தை ஹாம்ஸ்டர் செல்லில். "எலியா?" என்று அப்பா முகம் சுளிக்கிறார். அதையும் பாக்டீரியாவிலேயே தயாரித்தால் விலையாவது குறையுமே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாக்டீரியாவில் முடிகிற வேலையை வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஈ.கோலை என்ற பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், தீனிச் செலவும் சொற்பம். இன்சுலின் அதற்குத் தோதான புரதம். 51 அமினோ அமிலங்கள்தான், மேலே வேறு எதையும் ஒட்ட வேண்டியதில்லை. ஈ.கோலையில் செய்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் 1982-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஈஸ்ட்டில் தயாராகும் இன்சுலினும் உண்டு. நம் பெங்களூரு பயோகான் அப்படித்தான் செய்கிறது.

அப்பாவின் மருந்துக்கு வருவோம். அதில் 165 அமினோ அமிலங்கள். அதுவும் பெரிய புரதம் இல்லை. ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சர்க்கரை! நான்கு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. அவற்றைக் கட்டும் ஏற்பாடு ஈ.கோலையிடம் கிடையாது. சங்கிலி இல்லாத எரித்ரோபொய்ட்டின் கண்ணாடித் தட்டில் வளரும் செல்களிடம் நன்றாகவே வேலை செய்யும். உடம்பில் செலுத்தினால் நிமிடக் கணக்கில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். சங்கிலி இருந்தும் நுனியிலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை உதிர்ந்துவிட்டால், கல்லீரல் அடையாளம் கண்டு இழுத்துக்கொள்ளும். ஈஸ்ட் சர்க்கரை சேர்க்கும், சரி. ஆனால் மேன்னோஸ் என்ற சர்க்கரையை நீளநீளமாகச் சேர்த்துவிடும். அதையும் நம் உடம்பு வேகமாக அகற்றிவிடும்.

சர்க்கரைக்கு இவ்வளவு மகிமையா என்று தோன்றினால் டார்பெபொய்ட்டினைப் பாருங்கள். அதே புரதத்தில் கூடுதலாக இரண்டு சங்கிலிகள் சேர்த்தார்கள். ரத்தத்தில் அது தங்கும் நேரம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. வாரம் மூன்று ஊசி போட வேண்டியவருக்கு ஒன்றே போதும் என்றானது. டயாலிசிஸ் நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம்முடையதை ஒத்த சங்கிலிகளைக் கட்டத் தெரிந்தவை ஹாம்ஸ்டர் செல்கள். 1957-ல் அமெரிக்காவில் தியோடர் பக் என்ற விஞ்ஞானி ஒரு சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் வம்சம்தான் இன்றும் ஆலைகளில் வளர்கிறது. அப்பாவின் ஊசிக்காகப் புதிதாக எந்த ஹாம்ஸ்டரையும் பிடித்து வருவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த செல்களில் புகுத்திய மரபணு மனிதனுடையது. செல்கள் ஸ்டீல் தொட்டியில் வளர்கின்றன. புரதத்தைப் பல கட்டங்களில் சுத்தம் செய்த பிறகே குப்பியில் அடைக்கிறார்கள்.

செலவு கூடுவதும் அந்தத் தொட்டியில்தான். இந்த செல்கள் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். நடுவில் ஒரு பாக்டீரியா நுழைந்தால் மொத்தத் தொட்டியும் பாழ். விலை குறைய வேண்டும் என்ற உங்கள் ஆசைதான் எனக்கும். அதற்கு வழி செல்லை மாற்றுவதில் இல்லை, போட்டியில் இருக்கிறது. இந்திய நிறுவனங்கள் பலவும் இந்த மருந்தைத் தயாரிக்கின்றன. விலை குறைந்தது எது என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்களாக மாற்றிவிட வேண்டாம்.

கேள்வி: மனித கைனேஸ் (பிற புரதங்கள் மேல் பாஸ்பேட்டை ஏற்றும் என்சைம்) ஒன்றை ஈ.கோலையில் தயாரிக்கிறேன். செல்லை உடைத்துச் சுழற்றினால் புரதம் முழுக்க பெல்லட்டில் (அடியில் படியும் கசடில்) இருக்கிறது. பூச்சி செல்லுக்கு மாறிவிடட்டுமா?
– எம்.எஸ்ஸி. மாணவர், கோவை

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. 37 டிகிரியில் புரதம் மடிய நேரமில்லாமல், உப்புமா கட்டி தட்டுவதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. புரதம் தயாரிக்கச் செல்லைத் தூண்டும்போது 18 டிகிரிக்கு இறக்குங்கள். தூண்டும் மருந்தான ஐ.பி.டி.ஜி.யைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து இரவு முழுக்க விடுங்கள். அப்புறம் பெல்லட், மேலே நிற்கும் திரவம் இரண்டையும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டிப் பாருங்கள். திரவத்தில் மெல்லிய பட்டை தெரிந்தாலும் நம்பிக்கை உண்டு. கைனேஸ் என்பதால் இன்னொன்று: அது ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் மேலும் பாஸ்பேட்டை ஏற்றி செல்லைத் திணறடிக்கலாம். பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் லாம்ப்டா பாஸ்படேஸ் என்சைமின் மரபணுவையும் உடன் சேர்த்தால் பல கைனேஸ்கள் வழிக்கு வந்துவிடும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் பூச்சி செல்லுக்கு மாறுங்கள். பூச்சி செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் பாகுலோவைரஸைத் தயாரிக்கவே சில வாரம் பிடிக்கும். ஆய்வேட்டுக் கெடுவைப் பார்த்து, உங்கள் வழிகாட்டியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.