டாம், ஜெரி, அப்புறம் அந்த வீட்டுக்கார அம்மா

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வயது மகளுக்காக டாம் அண்ட் ஜெரியின் பழைய படங்களை டிவிடியில் போட்டேன். படம் தொடங்கும் முன்பே ஓர் அறிவிப்பு: இவற்றில் இனவெறிச் சித்திரிப்புகள் உண்டு, அவை அன்றும் தவறு, இன்றும் தவறு என்று. பூனை எலியைத் துரத்துவதில் என்ன இனவெறி? நாம் சிரித்து வளர்ந்ததையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா? இல்லை, மகளுக்குக் காட்டாமல் விடுவதுதான் சரியா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

பூனையிடமும் எலியிடமும் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறாரே, அவரை நினைத்துப் பாருங்கள். பருத்த கால்கள், ஏப்ரன், கையில் துடைப்பம். முகத்தைக் காட்டவே மாட்டார்கள். மேமி டூ ஷூஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. டாம் அண்ட் ஜெரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 1940-இல் எடுத்த முதல் படத்திலேயே வந்துவிடுகிறார். இன்னொரு சாமான் உடைந்தால் வெளியேதான் என்று பூனையை மிரட்டி, 'அவுட்' என்று எழுத்துக்கூட்டுகிறார், தப்பும் தவறுமாக. கறுப்பினப் பெண்ணுக்கு மூன்று எழுத்துகூடத் தெரியாது என்பதுதான் அங்கே நகைச்சுவை.

அந்தப் படம் வந்த அதே பிப்ரவரியில், இதே மாதிரி வீட்டுப் பணிப்பெண்ணாக நடித்ததற்காக ஹாட்டி மெக்டானியல் ஆஸ்கர் வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். விழா நடந்த ஹோட்டலில் சக நடிகர்களோடு அவரை உட்காரவிடவில்லை. தள்ளித் தனி மேசை போட்டார்கள்.

அப்புறம் அந்த வெடி. வெடித்ததும் டாமின் முகம் கரியாகி, உதடு தடித்து, தலையில் குட்டிக் குட்டிச் சடைகள் முளைக்கும். நமக்கு அது வெறும் கரி. அமெரிக்காவிலோ வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைக் கூத்துகள் நூறாண்டுக்கு மேல் நடந்திருக்கின்றன. 'மவுஸ் கிளீனிங்' (1948) படத்தில் டாம் நிலக்கரிக் குவியலிலிருந்து எழுந்து, அந்தக் கூத்துப் பாணியில் இழுத்து இழுத்துப் பேசவே செய்கிறது.

ஆனால் இதைச் சரிசெய்கிறோம் என்று பின்னால் செய்தது எனக்கு இன்னும் கோபமூட்டுகிறது. 1960-களில் தொலைக்காட்சிக்காக மேமி வரும் காட்சிகள் பலவற்றைப் புதிதாக வரைந்து, அவர் இடத்தில் வெள்ளைக்காரப் பெண்களை வைத்தார்கள். 1952 வரை மேமிக்குக் குரல் கொடுத்த கறுப்பின நடிகை லிலியன் ராண்டால்ஃபின் குரலும் அதோடு போயிற்று.

'சாட்டர்டே ஈவினிங் பஸ்' (1950) பாருங்கள். மேமி நகை போட்டு, சிங்காரித்துக்கொண்டு, சனிக்கிழமை ராத்திரி சீட்டாடக் கிளம்புகிறார். பூனைகள் ஜாஸ் இசைத்தட்டைப் போட்டு வீட்டை இரண்டாக்குகின்றன. தூங்க முடியாத ஜெரி ஃபோனில் மேமியிடம் போட்டுக்கொடுக்க, அவர் தெருவழியே ஓடிவருகிறார். அந்த ஓட்டத்தில் ஒரு கணம் அவர் முகம் தெரியும்! பூனைகளை வெளியே வீசிவிட்டு, அதே இசைத்தட்டை ஓடவிட்டுச் சாய்ந்துகொள்கிறார். இந்தப் படத்தில் அவர் யாருக்கும் வேலை செய்யவில்லை. தனக்கென்று ஒரு மாலை, தனக்கென்று ஒரு ரசனை. மாற்றிய வடிவத்தில் அங்கே இருப்பது ஒரு வெள்ளைக்கார இளம்பெண். கேலியை எடுக்கப் போய் மனுஷியை எடுத்துவிட்டார்கள்.

அதனால் நீங்கள் பார்த்த அறிவிப்புதான் நேர்மையான வழி என்று நினைக்கிறேன். வெட்டிவிட்டுக் காட்டினால் அப்படியொரு வெறுப்பே இருந்ததில்லை என்று சாதிப்பதாகிவிடும் என்று, இப்போது இந்தப் படங்களை வெளியிடும் வார்னர் நிறுவனமும் அதில் சொல்கிறது. 2013-இல் அவர்களே ஒரு தொகுப்பிலிருந்து 'மவுஸ் கிளீனிங்'கை விட்டுவிட முடிவுசெய்தது எனக்கு ஏற்பில்லை.

நீங்கள் சிரித்ததில் தப்பில்லை. ஏழு ஆஸ்கர் சும்மா வரவில்லை. பூனையின் ஒவ்வொரு அடிக்கும் ஸ்காட் பிராட்லி இசை கோத்திருக்கும் விதத்துக்கு இன்றும் என் மனம் துள்ளும்.

மகளுக்குக் காட்டுங்கள். அருகில் உட்கார்ந்து காட்டுங்கள். கரிமுகம் வந்ததும் நிறுத்தி, யாரைக் கேலி செய்கிறார்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு இது புரியாத விஷயமே இல்லை. கறுப்பாக இருக்கும் பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தன் வகுப்பிலிருந்தே அவள் உதாரணம் சொல்லக்கூடும். 'மவுஸ் கிளீனிங்' மட்டும் இன்னும் நாலைந்து வருஷம் போகட்டும். முதலில் 'சாட்டர்டே ஈவினிங் பஸ்', மாற்றாத வடிவம்.