ஏசிஎல் கிழிந்த தோழியிடம் என்ன பேசுவது?

கேள்வி: மணிலாவில் மருத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பக்கத்து அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு வயது 19. கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். தேசிய அணியில் ஆடவேண்டும் என்பதுதான் கனவு. மூன்று மாதம் முன்பு பயிற்சியில் குதித்து இறங்கியபோது முழங்காலில் ஏசிஎல் (எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) கிழிந்து, ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு அணிப் பக்கமே போவதில்லை. "என் ஆட்டம் முடிஞ்சுது, ஆத்தே" என்கிறாள் (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்). "சீக்கிரம் சரியாயிடும், ஜாக் அனிமாமைப் பாரு" என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவே இல்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன்?
- பெயர் வேண்டாம், மணிலா

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் சொன்ன ஆள் சரியான ஆள்தான். ஆனால் அவர் கதையில் உங்கள் தோழிக்கு இன்றைக்கு வேண்டிய பகுதியை விட்டுவிட்டு, பளபளப்பான பகுதியைக் காட்டிவிட்டீர்கள். அதனால்தான் கோபம் என்று நினைக்கிறேன்.

அனிமாமைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து வீராங்கனை. புலக்கான் மாகாணத்திலிருந்து வந்தவர், ஆறடிக்கு மேல் உயரம், ஆடுவது சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் இடம்). மணிலாவின் நேஷனல் யுனிவர்சிட்டி அணிக்காக 2015 முதல் 2019 வரை ஐந்து சீசன் ஆடினார். அந்த அணி 2014-இல் ஜெயிக்க ஆரம்பித்து, 2019 முடியும்போது யுஏஏபி என்ற பல்கலைக்கழக லீக்கில் தொடர்ந்து 96 ஆட்டங்களை வென்றிருந்தது. அதாவது, கல்லூரி லீக்கில் அனிமாமின் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அவர் போன பிறகும் அந்த வரிசை நீண்டு, 2022-இல் 108-இல்தான் நின்றது. 2019 டிசம்பரில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி சொந்த நாட்டிலேயே நடந்தது. ஐவர் ஆட்டம், மூவர் ஆட்டம் இரண்டிலும் தங்கம் வாங்கிய பிலிப்பைன்ஸ் பெண்கள் அணிகளில் அவர் இருந்தார். அந்தப் போட்டியில் அந்நாட்டுப் பெண்கள் கூடைப்பந்துக்கு அதற்கு முன் தங்கமே கிடைத்ததில்லை.

இப்போது உங்கள் தோழியின் இடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுப் பாருங்கள். காலைக் கட்டிலில் நீட்டி வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு 96 வெற்றி எதற்கு?

அவளுக்கு வேண்டியது 2019-க்குப் பிறகு நடந்தது. பிலிப்பைன்ஸில் ஆண்களுக்கு 1975-லிருந்தே பிபிஏ என்ற தொழில்முறை லீக் இருக்கிறது. தெருவுக்குத் தெரு ரிங் மாட்டியிருக்கும் அந்த ஊரில், பெண்களுக்கு மட்டும் அதற்கு ஈடாக நிலைத்து நிற்கும் லீக் இல்லை. கல்லூரி முடிந்தால் எங்கே ஆடுவது என்ற கேள்வி அங்கே எல்லாப் பெண்களுக்கும் உண்டு. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. அனிமாம் முதலில் தைவானில் ஷீ சின் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆடினார். அப்புறம் செர்பியாவில் ஒரு கிளப். நடுவில், 2021 செப்டம்பர் கடைசியில், ஜோர்டானின் அம்மானில் ஆசியக் கோப்பை. கடைசி ஆட்டத்தில் இந்தியாவோடு மோதினார்கள். தோற்றவர்கள் கீழ்நிலையான பி பிரிவுக்கு இறங்கவேண்டும். நான் இந்தியாவுக்காகத்தான் பார்த்தேன். 74-70, நாம் தோற்றோம். மனது கஷ்டமாக இருந்தாலும், எதிரணியின் அந்த உயரமான பெண்ணை மறக்க முடியவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் செர்பியாவில் அவருக்கு முழங்கால் போனது. உங்கள் தோழிக்கு வந்த அதே ஏசிஎல்தான். கல்லூரியில் தோல்வியே தெரியாத பெண், பிழைப்புக்காகப் போன ஊரில், ஆட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே விழுந்தார். 2022 மே மாதம் ஹனோயில் மறுபடி தென்கிழக்கு ஆசியப் போட்டி நடந்தது. அனிமாம் இல்லாமலேயே அவருடைய அணி தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டது. தான் இல்லாமல் தன் அணி ஜெயிப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும்? சந்தோஷம்தான், ஆனால் கூடவே ஒரு பயமும் வரும். உங்கள் தோழி அணிப் பக்கம் போகாததற்குக் காரணம் அந்தப் பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை அவளிடம் கேளுங்கள். "நீ இல்லாம அவங்க ஆடுறதைப் பார்க்கக் கஷ்டமா இருக்கா?" என்று நேராகவே கேட்கலாம்.

2023-இல் சிட்னி ஆசியக் கோப்பையில் அனிமாம் ஆடினார். பிலிப்பைன்ஸ் ஆறாவது இடம் பிடித்தது. ஹனோயில் அவர் இல்லாமல் ஜெயித்தார்கள் என்பதற்காகச் சிட்னியில் அவருடைய இடம் போய்விடவில்லை. இதை அவளே கேட்டால் மட்டும் சொல்லுங்கள், நீங்களாக எடுத்து நீட்டவேண்டாம்.

"சீக்கிரம்" என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் ஆகும் முன் கோர்ட்டில் இறங்குபவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல். மருத்துவம் படிக்கும் உங்களுக்கு இதைப் படித்துப் புரிந்துகொள்வது சிரமமில்லை. மூன்று மாதத்தில் "இன்னும் வலிக்குது, முடிஞ்சுது" என்று சொல்பவளிடம், இந்தக் கட்டத்தில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக் காட்டுங்கள். அது வெறும் ஆறுதலாக இருக்காது, விவரமாக இருக்கும். பிசியோதெரபிக்கு ஒரு நாளாவது கூடப் போங்கள். தனியாக முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பது ரொம்ப அலுப்பான வேலை.

கல்லூரி உதவித்தொகையும் விடுதியும் போய்விடுமோ என்ற கவலை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஆட்டத்தை நம்பிப் படிக்க வந்த பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இருந்தால், கோச்சைப் பார்த்து இருவரும் சேர்ந்தே பேசிவிட்டு வாருங்கள்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். உங்களுக்குக் கூடைப்பந்து அவ்வளவாகத் தெரியாதென்று நினைக்கிறேன். அவளுடைய அணி பயிற்சி செய்யும் ஒரு சாயங்காலம், "எனக்கு ஒண்ணும் புரியாது, நீ பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடு" என்று கூட்டிப் போங்கள். அவள் பேச ஆரம்பித்ததும் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.