பெங்களூருவின் பழைய டீசலா, தருமபுரி ஷோரூமின் புதிய பெட்ரோலா? பதினோரு லட்சத்துக்குள் ஐந்து பேருக்கு ஒரு சிறிய எஸ்யூவி

கேள்வி கேட்டவர் தருமபுரி நகரில் வசிப்பவர். கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள தாயார் என வீட்டில் ஐந்து பேர். தினமும் பள்ளிக்கும் கடைவீதிக்கும் சிறு ஓட்டம், மாதத்தில் ஓரிரு முறை பெங்களூரு, விசேஷங்களுக்குப் பென்னாகரம் பக்கத்துச் சொந்த ஊர், அவ்வப்போது சேலம். இப்போதுள்ள சிறிய காரை விற்றுவிட்டு, ஆன்ரோடு 11 லட்சத்துக்குள் ஒரு சிறிய எஸ்யூவி எடுக்க நினைக்கிறார். பெங்களூருவில் நான்கு வயது முடிந்த டாப் எண்ட் டீசல் ஒன்றை 8.25 லட்சத்துக்குச் சொல்கிறார்கள். புதிதாக எடுத்தால் நடுத்தர வகைப் பெட்ரோல்தான் கிடைக்கும். எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

புதிய பெட்ரோலையே எடுங்கள் என்பது என் பதில். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பட்டறையில் பார்த்து இழப்பைக் கணக்கிடும் காப்பீட்டு சர்வேயராக தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேலை செய்கிறேன். பழைய வண்டி வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. எந்தப் பழைய வண்டி, எந்த விலைக்கு என்பதில்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன.

நம் ஊரில் பழைய கார் தேடுபவர்களில் பலருக்குக் கண் ஓசூரைத் தாண்டித்தான் போகிறது. பெங்களூருவில் வண்டிகள் அதிகம், ஒரே நாளில் பலவற்றைப் பார்த்துவிடலாம், விலையும் இங்குள்ள பழைய கார் கன்சல்டிங்குகள் சொல்வதைவிடக் குறைவாகவே தெரியும். ஆனால் அந்த 8.25 லட்சம் கர்நாடகப் பதிவெண்ணோடு சேர்ந்த விலை. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதற்கு அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று பெற வேண்டும், கடன் முடிந்திருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35ம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து ஹைப்போதிகேஷனை, அதாவது கடன் பதிவை, நீக்க வேண்டும். பிறகு இங்கே தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் கட்டி தருமபுரியின் டிஎன் 29 எண் வாங்க வேண்டும். அந்த வரி வண்டி புதிதாக இருந்தபோதைய விலையையும் அதன் வயதையும் பொறுத்தது. டாப் எண்ட் வண்டியின் அன்றைய விலை அதிகம் என்பதால் வரியும் அதற்கேற்பவே வரும். முன்பணம் கொடுக்கும் முன் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த ஆர்.சி. நகலைக் காட்டி எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது, ஆனால் அது விண்ணப்பித்து அலைந்து பெற வேண்டிய தொகை. அதை வரவாக வைத்துப் பேரம் பேச வேண்டாம்.

இத்துடன் என் தொழிலில் அன்றாடம் புழங்கும் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். காப்பீட்டில் ஒரு வண்டியின் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., புதிய விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழிக்கப்படுகிறது: ஓராண்டு நிறைவதற்குள் 15 சதவீதம், இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அன்று 13 லட்சத்துக்கு விற்ற வண்டி நான்கு வயதைக் கடந்துவிட்டால் அதன் ஐ.டி.வி. ஏறத்தாழ 6.5 லட்சம்தான். நீங்கள் 8.25 லட்சம் கொடுத்து, வரியும் கட்டி வாங்கிய வண்டி நாளை முழுச் சேதமானால் கைக்கு வருவது அந்த 6.5 லட்சத்தை ஒட்டிய தொகையே. சந்தை விலை ஐ.டி.வி.யைவிடச் சற்று அதிகமாக இருப்பது இயல்புதான். இவ்வளவு பெரிய இடைவெளியை மட்டும் எந்தக் குடும்பமும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

அந்த வண்டியைப் பார்க்கத்தான் போவேன் என்றால், முதலில் நடப்புக் காப்பீட்டுப் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும், கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது. ஓராண்டு கிளெய்ம் இல்லாவிட்டால் 20, இரண்டாண்டுக்கு 25, மூன்றாண்டுக்கு 35, நான்காண்டுக்கு 45, ஐந்தாண்டுக்கு 50 என அது ஏறும். இடையில் ஒரு கிளெய்ம் வந்தால் பொதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரே உரிமையாளரிடம் நான்காண்டு இருந்த வண்டியில் 45 இருந்தால் நிம்மதி. 20 அல்லது பூஜ்யம் இருந்தால் அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது, பில் எவ்வளவு என்று கேளுங்கள். கீறலுக்கான கிளெய்மாகவும் இருக்கலாம், முன்பகுதி முழுவதையும் மாற்றியதாகவும் இருக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரியையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும் என்பதால் ஓடோமீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பானெட்டைத் தூக்கி, இருபுறமும் மட்கார்டை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலையை உற்றுப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அந்த போல்ட்டுகளை முடுக்கிய பிறகே பெயிண்ட் அடிப்பதால், ஸ்பானர் படாத போல்ட்டின் விளிம்பில் பெயிண்ட் முழுதாக இருக்கும். ஒரு முறை கழற்றி மாட்டினாலும் அறுகோண முனைகளில் பெயிண்ட் உரிந்து உலோகம் தெரியும். அடுத்து, கதவைத் திறந்து, கதவுகளை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூணின் ரப்பர் பீடிங்கை விரலால் உரித்து விலக்குங்கள். உள்ளே சிறு வட்டப் பள்ளங்களாக ஸ்பாட் வெல்டு சீரான இடைவெளியில் வரிசையாக ஓட வேண்டும். அந்த வரிசை ஓரிடத்தில் மறைந்து, பட்டி பூசிய வழவழப்பு தெரிந்தால் அந்தத் தூண் வெட்டி ஒட்டப்பட்டது. அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. காப்பீட்டில் டோட்டல் லாஸ் ஆன வண்டிகள் எடைக்குப் போய்விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பல வண்டிகள் ஏலத்தில் கைமாறி, டிங்கரிங் முடிந்து, பளபளப்பாக மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. கண்ணெதிரே பார்ப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெங்களூரு வண்டிக்குத் தண்ணீர்ச் சோதனையும் கட்டாயம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்தங்கள் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளம் புகுந்திருந்தால் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடாகப் படிந்திருக்கும். இருக்கைக்குக் கீழே அது முன்பின் நகரும் இரும்புத் தடத்திலும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்றைய வண்டியில் தண்ணீர் புகுந்தால் எஞ்சினைவிட வயரிங்தான் பெரிய தொல்லை. பழுது எப்போது, எங்கே வரும் என்று சொல்ல முடியாது.

உங்கள் ஓட்டத்துக்கு டீசல் பொருந்தாது என்பது தனிக் காரணம். 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ்.6 எனும் புகை விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடிப் புகைபோக்கி நன்கு சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து வெளியேறும். வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து சந்தைக்கும் என்று சூடேறும் முன்பே நிறுத்தப்படும் வண்டியில் கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, கடைசியில் பெரும் செலவில் முடியும். ஓசூர் சிப்காட்டுக்கு நாள்தோறும் போய் வருபவர் கேட்டிருந்தால் டீசலையே சொல்லியிருப்பேன்.

இப்போது புதிய வண்டியின் பக்கம் வருவோம். நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சினும் கொண்ட கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தன. டாடா நெக்ஸான், மஹிந்திரா 3எக்ஸ்ஓ, ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், ஸ்கோடா கைலாக் ஆகியவற்றின் பெட்ரோல் வகைகள் இந்த வரம்புக்குள் வருகின்றன. மாருதி பிரெஸ்ஸாவும் நான்கு மீட்டருக்குள் அடங்குவதுதான், ஆனால் அதன் எஞ்சின் 1462 சி.சி. என்பதால் 40 சதவீத அடுக்கில் நிற்கிறது. வரிக் குறைப்புக்கு முந்தைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய வண்டிக்கு விலை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேரத்தின்போது இன்றைய புதிய விலையை எடுத்து முன்னால் வையுங்கள்.

இதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று நம் மாநிலத்தின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டபடி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரையிலானதற்கு 18 சதவீதம். வரி கணக்கிடும் விலை 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய், 10.20 லட்சம் என்றால் 1,83,600 ரூபாய். சன்ரூஃபுக்காக 30,000 ரூபாய் கூடுதலான வகைக்குத் தாவினால் வரியில் மட்டும் 54,900 ரூபாய் கூடுகிறது. உங்கள் பட்ஜெட்டுக்கு 9 லட்சத்தை ஒட்டிய வகையைத் தேடுங்கள். வரி, காப்பீடு சேர்ந்து 11 லட்சத்துக்குள் அடங்கும்.

அந்த விலையில் எதை விடுவது, எதை விடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பெரிய திரை, சன்ரூஃப், அலாய் வீல் எல்லாவற்றையும் விடலாம். ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கும்போது நிலைப்படுத்தும் இ.எஸ்.சி., ஐந்து பேருக்கும் மூன்று முனை சீட் பெல்ட், குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகியவற்றை விடக் கூடாது. நீங்கள் சேலம் போகும் வழி தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரி பின்னாலிருந்து மோதிய கார்களை நான் ஆய்வு செய்திருக்கிறேன். பயணிகள் கூடு நசுங்காமல் நின்ற வண்டிக்கும் நிற்காத வண்டிக்கும் உள்ள வேறுபாடு சேதப் பட்டியலைத் தாண்டிய விஷயம். நெக்ஸான் 2018இல் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார். ஆனாலும் 2023இல் புதுப்பிக்கப்படும் வரை அதன் உச்ச வகையிலும் இரண்டு ஏர்பேக்குகளே இருந்தன. சோதனை முறையும் 2022இல் கடுமையாக்கப்பட்டது, அன்றைய ஐந்தும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல. நம் நாட்டின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்.சி.ஏ.பி. 2023 அக்டோபரில் தொடங்கியது. நெக்ஸான், 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றும் அதில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. உங்கள் நிலையில் நான் இந்த மூன்றுக்குள்ளேயே தேர்ந்தெடுப்பேன்.

மூன்றில் எது என்பதைத் தாயார் முடிவு செய்யட்டும். ஷோரூமுக்கு ஐந்து பேரும் போங்கள். தாயார் தானாகப் பின்கதவு வழியே ஏறி, உட்கார்ந்து, இறங்கட்டும். இருக்கை இடுப்பு உயரத்தை ஒட்டியிருந்தால் முழங்காலை அதிகம் மடக்க வேண்டியதில்லை, கதவின் கீழ்ப்படி அகலமாக இருந்தால் கால் இடறும். பின்னால் மூவரும் தோளோடு தோள் உட்கார முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு ஏ.சி. போட்டு ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் இருக்கும். பென்னாகரம் பக்கத்துக் கிராமச் சாலைகளுக்கு இவற்றில் எதன் தரை இடைவெளியும் போதும். ஆட்டோமேட்டிக் எடுத்தால், கணவாய் இறக்கத்தில் கியரை நாமே குறைத்து எஞ்சின் பிரேக்கில் இறங்க வசதியான மேனுவல் நிலை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையதுதான் என்று வீட்டில் முடிவானால், டிஎன் 29 (தருமபுரி), டிஎன் 24 (கிருஷ்ணகிரி), டிஎன் 70 (ஓசூர்) பதிவில், யார் ஓட்டினார்கள் என்று விசாரிக்க முடிந்த, 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான பெட்ரோல் வண்டியாகத் தேடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு வந்தவை அவை. டயர், காப்பீடு, முதல் சர்வீஸ் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு அதே வண்டியின் புதிய ஆன்ரோடு விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருந்தால் வாங்கலாம். டயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெயர் மாற்றத்தை 30 நாட்களுக்குள்ளும், காப்பீட்டு மாற்றத்தை 14 நாட்களுக்குள்ளும் விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று உடனே செய்ய வேண்டியது. என்.சி.பி. உரிமையாளருக்குச் சொந்தமானது, வண்டியோடு போவதில்லை. இப்போதைய சிறிய காரை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் என்.சி.பி. சான்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். மூன்றாண்டு வரை அது செல்லும். கிளெய்ம் இல்லாமல் ஐந்தாண்டு ஓட்டியிருந்தால் புதிய வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில், பாதி குறையும். ஷோரூமில் அவர்களாக இதைக் கேட்க மாட்டார்கள், பில் போடும் முன் நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.